பேக் ஃபயருக்குக் காரணம் கார்புரேட்டர் அல்ல: பழைய மோட்டார் சைக்கிளில் மாற்று சைலன்சர் பொருத்திய ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் குறையும்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி 1980களின் பிற்பகுதியில் தயாரானது. காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 500 சிசி வகுப்பைச் சேர்ந்த எஞ்சின். எரிபொருளை ஊட்டுவது ஒரே ஒரு சிவி கார்புரேட்டர். இந்த வகையில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் பட்டர்ஃபிளை வால்வை மட்டுமே திறக்கும். ஊசியைச் சுமந்திருக்கும் ஸ்லைடை மேலே தூக்குவது, எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால் இயங்கும் ரப்பர் டயாஃப்ரம். ஆலையிலிருந்து வந்த சைலன்சர் உள்ளிருந்தே அரித்து, அடிப்பக்கத் தையலில் ஓட்டை விழுந்துவிட்டதால் அதை மாற்ற வேண்டியதாயிற்று. குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளில் இது வழக்கமாக நடப்பதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமான நீராவி உண்டாகிறது. சைலன்சர் முழுதாகச் சூடேறுவதற்குள் எஞ்சினை நிறுத்தினால், அந்த நீர் உள்ளறைகளின் அடியில் தேங்கி, புகையிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து தகட்டைத் தின்றுவிடுகிறது.

அசல் சைலன்சர் இப்போது உற்பத்தியில் இல்லை. எனவே உரிமையாளர், பல மாடல்களுக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட ஒரு மாற்று சைலன்சரை வாங்கி, எஞ்சினிலிருந்து சைலன்சர் வரை வரும் வளைகுழாயான பழைய பெண்ட் பைப்பை அப்படியே வைத்துக்கொண்டு தாமே பொருத்தினார். துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு திணிக்கப்பட்ட வகை அது. வாய்ப்பகுதியில் ஒரே ஒரு திருகால் பிடிக்கப்பட்ட, கழற்றக்கூடிய சத்தத் தடுப்புச் செருகல் ஒன்றும் இருந்தது.

முதல் ஓட்டத்திலேயே இரண்டு குறைகள் தென்பட்டன. ஆக்ஸிலரேட்டரை மூடி வேகம் குறையும்போதெல்லாம் சைலன்சரில் பேக் ஃபயர், அதாவது வெடியோசை, அடித்தது. கால் பங்கு திறப்பில் நிதானமாக ஓட்டும்போது வண்டி திக்கித் திணறி, பிறகு சட்டென்று இழுத்தது. சைலன்சரை மாற்றினால் கலவை லீன் ஆகிவிடும் (பெட்ரோல் குறைந்து காற்று மிகும்), பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும் என்ற பரவலான அறிவுரையைப் பின்பற்றி, 140 எண்ணுள்ள மெயின் ஜெட்டைக் கழற்றிவிட்டு அவர் 155 போட்டார். அதன் பிறகு முழுத் திறப்பில் வண்டி கனத்தது. பிளக்கில் கரி படிந்தது. பெட்ரோல் கூடுதலாகச் செலவானது. பேக் ஃபயர் மட்டும் துளியும் குறையவில்லை. வண்டி ஆய்வுக்கு வந்தது இந்த நிலையில்தான்.

கடைசியாகச் சொன்ன விவரத்தில்தான் சிக்கலின் நுனி இருக்கிறது. கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு வழி பொறுப்பு: மூடிய நிலையிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் பைலட் ஸ்க்ரூவும், கால் பங்கிலிருந்து முக்கால் வரை ஊசியும் அது ஏறி இறங்கும் ஊசிக்குழாயும், அதற்கு மேல் மெயின் ஜெட். இவற்றின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் என்பது உண்மைதான் என்றாலும், முழுதாக மூடிய நிலையில் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளை மெயின் ஜெட் தீர்மானிப்பதில்லை. பேக் ஃபயர் அடித்ததோ ஆக்ஸிலரேட்டரை மூடும்போது. ஆகவே மெயின் ஜெட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தக் குறை தீராது என்பதை, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

இடையே ஜெட் எண்களைப் பற்றியும் ஒரு சொல். கார்புரேட்டர் தயாரிப்பாளர்களில் மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் பொறித்த எண் பாய்வளவைக் குறிப்பது. கெய்ஹின் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. ஒருவர் தம் வண்டிக்குச் சரியாக அமைந்தது என்று சொல்லும் எண், வேறு தயாரிப்பான கார்புரேட்டர் வைத்திருப்பவருக்கு எந்த வகையிலும் பயன்படாது.

மூடிய ஆக்ஸிலரேட்டரில் நடப்பது

வண்டியின் வேகமே எஞ்சினை உருட்டிக்கொண்டிருக்க, ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போது, சிலிண்டருக்குள் புகும் புதுக்கலவை மிகக் குறைவு. முந்தைய சுழற்சியின் எரிந்த வாயுவே அதில் பெரும்பங்கு. பொறி விழுந்தாலும் பல சுழற்சிகளில் அது பற்றுவதில்லை. எரியாத பெட்ரோல் ஆவி பெண்ட் பைப்புக்குள் தள்ளப்படுகிறது. அடுத்து எரியும் சுழற்சியின் சூடான வாயு பின்னால் வந்து அதைப் பற்றவைக்கும்போது வெடியோசை கேட்கிறது. பைலட் வழி லீனாக இருந்தால் பற்றாத சுழற்சிகள் கூடும், ஓசையும் கூடும். கலவை சரியாகவே இருந்தாலும், பைப்புக்குள் வெளிக்காற்று நுழைய வழியிருந்தால் எரிவதற்கான ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்து அதே விளைவு வரும். சில வண்டிகளில் புகையைச் சுத்தப்படுத்துவதற்காகவே புகை வாசலில் காற்றைச் செலுத்தும் ரீட் வால்வு அமைப்பு உண்டு. அது பழுதுபட்டாலும் இப்படித்தான் அடிக்கும். இந்த வண்டியில் அந்த அமைப்பு இல்லை என்பதால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

புகை வெளியே தள்ளப்படும் குழாய்க்குள் காற்று எப்படி உள்ளே வரும் என்ற கேள்வியைப் பலர் கேட்பதுண்டு. ஓட்டை இருந்தால் புகைதானே கசியும் என்பது அவர்கள் எண்ணம். முழுச் சுமையில் ஓடும்போது அது பெரும்பாலும் சரி. மூடிய ஆக்ஸிலரேட்டரில் நிலைமை தலைகீழ். உறிஞ்சும் வீச்சில் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது. கலவை எரியாத சுழற்சியில் அது அமுங்கி, மீண்டும் விரிந்து, புகை வால்வு திறக்கும் நேரத்தில் ஏறக்குறைய அதே தாழ்ந்த அழுத்தத்துக்குத் திரும்பி வருகிறது. வால்வு திறந்த கணத்தில் வாயு வெளியே போவதற்குப் பதிலாகப் பைப்பிலிருந்து சிலிண்டருக்குள் பின்னோக்கிப் பாய்கிறது. பைப்பும் வெளியிலிருந்து காற்றை இழுக்கிறது. சைலன்சரின் வாய் தொலைவில் இருக்க, இணைப்பில் உள்ள சந்து பக்கத்தில் இருந்தால், காற்று எந்த வழியாக வரும் என்று சொல்லத் தேவையில்லை.

சுமையில் ஓடும்போதும் பைப்புக்குள் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. வால்வு திறக்கும்போது கிளம்பும் அழுத்த அலை, பைப் அகன்று சைலன்சராகும் இடத்தை அடைந்ததும், தாழ்ந்த அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. சூடான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு 550 மீட்டர் என்றும், வால்விலிருந்து அந்த இடம் 0.9 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அலை போய்த் திரும்ப சுமார் 3.3 மில்லி நொடி ஆகும். 4000 ஆர்பிஎம்மில் அதற்குள் கிராங்க் ஏறத்தாழ 80 பாகை திரும்பியிருக்கும். 6000 ஆர்பிஎம்மில் ஏறத்தாழ 120 பாகை. அதே அலை ஒரு வேகத்தில் உதவியாகவும் மற்றொரு வேகத்தில் இடையூறாகவும் அமைவது இதனால்தான். புதிய சைலன்சரில் குழாய் அகலும் இடமும் விதமும் மாறிவிடுவதால், இடைநிலை வேகத்தில் இழுவை சற்றே கூடியோ குறைந்தோ போவதும் இயல்பு. எந்த ஜெட்டும் அதை முழுதாகச் சரிக்கட்டாது.

பரிசோதனை

பழைய வண்டியில் புதிய பாகத்தின் மேல் சந்தேகப்படுவதற்கு முன், பழைய பாகங்களின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வால்வு இடைவெளி, மிதவையின் உயரம், கார்புரேட்டருக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டு, விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த டயாஃப்ரம் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. ஊசிக்குழாய் மட்டும் சற்றே தேய்ந்து, துளையின் வட்டம் குலைந்திருந்தது. அந்தத் தேய்மானம் கலவையை ரிச் ஆக்குமே (பெட்ரோலை மிகுக்குமே) தவிர லீன் ஆக்காது என்பதால், திணறலுக்கு அதைக் காரணம் காட்ட முடியாது.

அடுத்து, புகைப்பாதையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. எஞ்சினை ஓடவிட்டு இணைப்புகளின் அருகே கையை நீட்டிப் பார்ப்பது பலரின் வழக்கம். ஒற்றைச் சிலிண்டரின் துடிப்பில் அது ஓரளவுதான் தெரியும், பைப் சூடேறிய பிறகு கையை நீட்டவும் முடியாது. இங்கே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பிஸ்டனைக் கம்ப்ரஷன் வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து இரு வால்வுகளும் மூடியிருக்கும்படி நிறுத்திவிட்டு, வேக்யூம் கிளீனரின் ஊதும் முனையைத் துணி சுற்றி சைலன்சர் வாயில் வைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, இணைப்புகள் எல்லாவற்றின் மீதும் சோப்பு நீர் தெளிக்கப்பட்டது. சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் ஊசித்தலை அளவிலான குமிழிகள் ஓரிடத்தில் மட்டும் விடாமல் எழுந்தன. சைலன்சர் இணைப்பிலோ சோப்பு நீர் தங்கவே இல்லை. கிளாம்புக்குப் பின்னால் நான்கு இடங்களில் அது நுரைத்துத் தெறித்தது.

கிளாம்பைத் தளர்த்தி சைலன்சரைக் கழற்றியதும் காரணம் கண்ணெதிரே இருந்தது. மாற்று சைலன்சரின் நுழைவுக் குழலில், கிளாம்பை முடுக்கும்போது குழல் சுருங்கிப் பைப்பைப் பிடிப்பதற்காக, 30 மி.மீ நீளமும் 2 மி.மீ அகலமும் உள்ள நான்கு வெட்டுகள் இருந்தன. பெண்ட் பைப் அந்தக் குழலுக்குள் 22 மி.மீ மட்டுமே நுழைந்திருந்தது. பைப்பின் மேல் படிந்திருந்த கரியின் விளிம்பிலிருந்து அதைத் துல்லியமாக அளக்க முடிந்தது. அதாவது ஒவ்வொரு வெட்டிலும் கடைசி 8 மி.மீ, பைப்பின் முனையைத் தாண்டி நேரே வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தது. நான்கும் சேர்ந்தால் 64 சதுர மி.மீ, 9 மி.மீ விட்டமுள்ள ஒரு துளையைப் பைப்பில் போட்டதற்குச் சமம். ஒவ்வொரு வெட்டின் முனையிலும் பளபளப்பான உலோகத்தின் மேல் விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருந்தது. இவ்வளவு பெரிய கசிவின் ஓசை உரிமையாளர் காதில் தனித்து விழாததற்குக் காரணம், புதிய சைலன்சரே பழையதைவிடச் சத்தமாக இருந்ததுதான்.

பைப் ஏன் முழுதாக நுழையவில்லை? சைலன்சரின் பின்புறக் காதில் இருந்த துளை, வண்டியின் பிராக்கெட்டில் உள்ள துளைக்கு நேராக வரும்படி வைத்தால், சைலன்சர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 20 மி.மீ பின்னால் போய்விடுகிறது. உரிமையாளர் பின்புற போல்ட்டை முதலில் மாட்டிவிட்டு, முன்பக்கம் எவ்வளவு நுழைந்ததோ அவ்வளவில் கிளாம்பை முடுக்கியிருக்கிறார். பல மாடல்களுக்குப் பொதுவான சைலன்சரில் இப்படி நேர்வது வியப்பில்லை. காதின் இடம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. இதோடு, பழைய யூ-போல்ட் கிளாம்ப் பல ஆண்டுகளாக இறுக்கிய இடத்தில் பைப் உள்வாங்கி, அதன் இரு ஓரங்களும் மேடிட்டிருந்தன. முன்னே தள்ளியிருந்தாலும் அந்த மேடு தடுத்திருக்கும்.

ஆக, பின்புறத் துளை ஒன்று சரியான இடத்தில் இல்லாததால் இணைப்பின் ஆழம் குறைந்து, அதனால் வெட்டுகள் திறந்து, அவற்றின் வழியே காற்று புகுந்து பேக் ஃபயர் அடித்திருக்கிறது. பழி கார்புரேட்டரின் மேல் விழுந்திருக்கிறது. இந்த நிலையில் ஆக்ஸிஜன் சென்சரைப் பைப்பில் மாட்டிப் பார்த்திருந்தால்கூட அது லீன் என்றே காட்டியிருக்கும். சென்சர் அளப்பது புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனைத்தான். அது சிலிண்டரில் எரியாமல் மிஞ்சியதா, சந்தின் வழியே வந்ததா என்று அதற்குத் தெரியாது. அந்த அளவை நம்பி மேலும் மேலும் பெட்ரோல் ஊட்டி, பிளக்குகளைக் கரியாக்கியவர்கள் பலர்.

மறுபடி பொருத்தியது

சிலிண்டர் ஹெட் இணைப்பிலிருந்து வேலை தொடங்கியது. அலுமினிய ஹெட்டில் பல ஆண்டுகள் இருந்த எஃகு ஸ்டட் (தலையில்லாத போல்ட்), இரு உலோகங்களுக்கும் இடையிலான அரிப்பால் இறுகிவிடும். நட்டைக் கழற்றப் போய் ஸ்டட்டை முறித்துக்கொண்டால் அரைமணி நேர வேலை ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். இரண்டு நட்டுகளிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் நட்டை மட்டும் சூடாக்கி, முதலில் இம்மியளவு இறுக்கும் திசையில் அசைத்து, பிறகு முன்னும் பின்னுமாகத் திருப்பியே கழற்ற வேண்டியிருந்தது. ஒன்று நட்டாகவே வந்தது. மற்றொன்று ஸ்டட்டோடு சேர்ந்து வந்தது, ஹெட்டிலுள்ள மறை சேதமாகவில்லை. இரண்டுக்கும் புதிய ஸ்டட் போட்டு, சூடு தாங்கும் செப்பு கிரீஸ் தடவப்பட்டது.

அந்தக் குமிழிகளுக்கான காரணம் புகை வாசலுக்குள்ளேயே இருந்தது. உரிமையாளர் புதிய செப்பு வளையத்தைத்தான் போட்டிருக்கிறார். ஆனால் பழைய வளையம் வெளியே வரவே இல்லை. நசுங்கித் தட்டையாகி, மேலே கரி படிந்த வளையம் ஹெட்டின் ஒரு பகுதியைப் போலவே தோன்றும். கூர்முனைக் கம்பியால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் செம்பின் நிறம் தெரியும், அங்கே தெரிந்தது. இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று இருந்தால், பைப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஃபிளாஞ்ச் முடுகியதாகத் தோன்றினாலும் பைப் நேராக உட்காராது.

பெண்ட் பைப்பின் முனையில் இருந்த மேடுகள், குழாய் விரிக்கும் கருவியை உள்ளே செலுத்தி வட்டத்தைச் சரிசெய்த பிறகு அரம் கொண்டு சமமாக்கப்பட்டன. வெளிவிட்டம் 38.1 மி.மீ, சைலன்சர் குழலின் உள்விட்டத்துக்கும் அதற்கும் இடையே இருந்த இடைவெளிக்கு மெல்லிய கிராஃபைட் உறை போதுமானதாக இருந்தது. பைப்பின் மேல், அந்த முனையிலிருந்து 45 மி.மீ தூரத்தில் ஊசியால் ஒரு கோடு கீறப்பட்டது; பொருத்தும்போது குழலின் விளிம்பு அந்தக் கோட்டைத் தொட வேண்டும். இந்தச் சிறு வேலையை முதல் நாளே செய்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது. யூ-போல்ட்டுக்குப் பதிலாக, பைப்பைச் சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும் பட்டைக் கிளாம்ப் போடப்பட்டது.

பின்புறத்துக்கு ஓர் இடைத் தகடு செய்ய வேண்டியிருந்தது. வண்டியின் பிராக்கெட்டில் ஒரு முனையும், சைலன்சர் காதில் மறுமுனையும் சேரும்படி எஃகுத் தகட்டில் வெட்டிய எளிய பாகம் அது. அதைவிட முக்கியமானது அதிலுள்ள ரப்பர் புஷ். பெண்ட் பைப் முழுதும் சராசரியாக 300 பாகை செல்சியஸ் சூடேறினால், 900 மி.மீ எஃகுக் குழாய் 3 மி.மீ-க்கும் மேல் நீளும். ஒரு முனை ஹெட்டில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்க, மறுமுனையையும் இறுக்கமாகக் கட்டிவிட்டால் அந்த நீட்சி வேறெங்கும் போக முடியாமல் ஸ்டட்டையோ பிராக்கெட்டின் வெல்டையோ வருத்தும். எஞ்சினின் அதிர்வும் சேரும்போது காது விரிசல் விடும். புஷ்ஷுக்குள் எஃகுக் குழல் ஒன்று இருக்க வேண்டும் என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது. அது இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்க இறுக்க ரப்பர் நசுங்கி, ரப்பர் இருந்தும் பயனில்லாமல் போகும்.

எல்லாவற்றையும் தளர்வாக மாட்டிய பிறகு, ஹெட் ஃபிளாஞ்ச் நட்டுகள் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்கப்பட்டன. அடுத்து இணைப்புக் கிளாம்ப். பின்புற போல்ட் கடைசியில். பின்புறத்தை முதலில் இறுக்குபவர் சைலன்சரின் எடையாலும் கோணத்தாலும் ஹெட் இணைப்பை ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறார். பின்புற போல்ட்டை மாட்டும் முன், கையைவிட்டால் சைலன்சர் தானாகவே துளைக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. நெம்பித்தான் போல்ட் நுழைய வேண்டும் என்றால் எங்கோ ஒன்று கோணலாக இருக்கிறது.

இடைவெளிகளைச் சரிபார்க்க இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் கழற்றி, பின்சக்கரத்தைக் கையால் அதன் பயணம் முழுதும் தூக்கி இறக்கிப் பார்க்கப்பட்டது. சைலன்சர் ஸ்விங் ஆர்மையும் ஆக்சில் நட்டையும் எங்கும் தொடவில்லை. ஆனால் ஸ்விங் ஆர்மின் அடியில் பெயிண்ட் உரிந்து, நகத்தளவு இரும்பு மின்னிக்கொண்டிருந்தது. சென்டர் ஸ்டாண்டை மேலே மடக்கும்போது அது வந்து நிற்க வேண்டிய ரப்பர் தடுப்பு, பழைய சைலன்சரின் அடியில் பற்றவைக்கப்பட்டிருந்தது. சைலன்சர் போனபோது தடுப்பும் போய்விட்டது, ஸ்டாண்டு ஒவ்வொரு குழியிலும் ஸ்விங் ஆர்மை இடித்திருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் இந்தத் தடுப்பு சைலன்சரிலேயே இருப்பதால், கழற்றும்போது அதன் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அவசியம். இங்கே ஃபுட்ரெஸ்ட் தகட்டில் ஒரு தனித் தடுப்பு பொருத்தப்பட்டது.

முதல் முறை எஞ்சினை ஓடவிடும் முன் சைலன்சரையும் பைப்பையும் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. விரல் ரேகையின் எண்ணெய் சூட்டில் உலோகத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். சோப்பு நீர்ச் சோதனை மறுபடி செய்யப்பட்டது. எங்கும் குமிழி இல்லை.

கலவை

மெயின் ஜெட் 140-க்கே திரும்பியது. எந்தத் திருகையும் தொடாமல் ஓட்டிப் பார்த்தபோது பேக் ஃபயர் பெரும்பகுதி மறைந்திருந்தது. கால் பங்கு திறப்பில் இருந்த திணறல் குறைந்திருந்தாலும் போகவில்லை. கலவையில் உண்மையாகவே இருந்த குறை அவ்வளவுதான் என்று இப்போது நம்பிச் சொல்ல முடிந்தது.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது, சத்தத் தடுப்புச் செருகல் உள்ளே இருக்கப்போகிறதா இல்லையா என்பது. அதன் வாய் விட்டம் 25 மி.மீ, சைலன்சரின் உள்குழாய் 45 மி.மீ. பரப்பில் பார்த்தால் செருகலின் வழி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. செருகலோடு சரிசெய்த கலவை செருகலைக் கழற்றிய அன்றே பொருந்தாமல் போகும். பழைய சைலன்சருக்கும் செருகலுள்ள புதியதற்கும் உள்ள வேறுபாட்டைவிட, புதியதே செருகலோடும் செருகல் இல்லாமலும் காட்டும் வேறுபாடு பெரிது என்பது என் கணிப்பு. உரிமையாளர் செருகலை வைத்துக்கொள்ளவே விரும்பினார். அது சரியான முடிவு.

பெண்ட் பைப்பில், சைலன்சர் இணைப்புக்கு வெகு முன்னால், மறையுள்ள வளையம் ஒன்றைப் பற்றவைத்து அகன்ற அளவீட்டு ஆக்ஸிஜன் சென்சர் மாட்டப்பட்டது. சென்சர் கிடைமட்டத்துக்கு மேல் குறைந்தது 10 பாகையாவது சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த பைப்பில் திரளும் நீர் அதன் மேல் விழுந்து சென்சரைக் கெடுத்துவிடும். சைலன்சர் வாயில் செருகி அளக்கும் முறை, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) வெளிக்காற்று உள்ளே ஏறி இறங்குவதால், ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு நம்பகமானதல்ல.

ஐடிலிலும் சிறு திறப்பிலும் சென்சர் காட்டிய காற்று-பெட்ரோல் விகிதம் 15-க்கு மேல் நின்றது. பெட்ரோல் முழுதாக எரிவதற்கான காற்று விகிதம் 14.7-க்கு 1. புகை விதிகளுக்காக ஆலையிலேயே லீனாக வைக்கப்பட்ட அமைப்பு, சைலன்சர் சற்றே தாராளமானதும் எல்லையைத் தாண்டிவிட்டது. இந்தக் கார்புரேட்டரில் பைலட் ஸ்க்ரூ எஞ்சின் பக்கம் இருக்கிறது. அப்படி இருந்தால் அது எரிபொருளைக் கட்டுப்படுத்தும் திருகு, வெளியே திருப்பினால் கலவை ரிச் ஆகும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, விளைவு நேர்மாறு. அரைச் சுற்று வெளியே திருப்பியதும் ஐடில் சீரானது, மிஞ்சியிருந்த பேக் ஃபயரும் ஏறக்குறைய நின்றது.

ஊசியில் கிளிப் மாற்றுவதற்கான பள்ளங்கள் இல்லை; ஒரே இடத்தில் நிற்கும் வகை. அதன் தலைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள வாஷர் ஒன்று போட்டு ஊசி உயர்த்தப்பட்டது. தேய்ந்த ஊசிக்குழாய் ஏற்கெனவே கொஞ்சம் ரிச் ஆக்கியிருந்ததால் இரண்டாவது வாஷருக்குத் தேவைப்படவில்லை. பின்னாளில் ஊசிக்குழாயைப் புதிதாக மாற்றினால் ஊசியின் உயரத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். முழுத் திறப்பில் 140 ஜெட் 13-க்குச் சற்று மேல் காட்டியது. காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி கூடட்டும் என்று 142.5 போட்டதில் அது 13-க்குக் கீழே வந்து நின்றது. உரிமையாளர் போட்ட 155-க்கும் தேவைப்பட்டதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் கவனிக்கலாம்.

சத்தமும் பலனும்

நின்ற நிலையில் சத்தம் அளப்பதற்கு ஐஎஸ்ஓ 5130 சொல்லும் முறை எளியது: ஒலிவாங்கி சைலன்சர் வாயிலிருந்து 0.5 மீட்டர் தூரத்தில், புகை வெளிவரும் திசைக்கு 45 பாகைக் கோணத்தில், வாயின் உயரத்திலேயே, ஆனால் தரையிலிருந்து 0.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் உச்ச ஆற்றல் 5000 ஆர்பிஎம்முக்கு மேல் கிடைக்குமானால் அந்த வேகத்தின் பாதியிலும், இல்லாவிட்டால் முக்கால் பங்கிலும் எஞ்சினை நிலையாக ஓட்டி அளக்க வேண்டும். இந்த வண்டியில் செருகலோடு அளந்தபோது, நல்ல நிலையிலுள்ள அசல் சைலன்சருக்குத் தகட்டில் பொறித்திருந்த அளவைவிடச் சற்றே கூடியது. செருகல் இல்லாமல் அளந்தபோது பத்து டெசிபலுக்கும் மேல் எகிறியது. 10 டெசிபல் கூடினால் மனிதக் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். செருகலை எடுத்துவிட்டு ஓட்டுபவர்களின் அண்டை வீட்டாருக்கு இதற்கு எண் தேவையில்லை.

பல நாடுகளில், மாற்று சைலன்சரின் மேல் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் அருகே நாட்டின் எண்ணும் பொறித்த ஒப்புதல் குறி இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒப்புதல் குறிப்பிட்ட மாடலுக்கு உரியது. குறி இருப்பதாலேயே எந்த வண்டியில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று பொருளில்லை. பல மாடல்களுக்கும் பொதுவான சைலன்சரை வாங்குபவர் இதைக் கடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆற்றல் கூடியதா என்று உரிமையாளர் கேட்டார். எடை இரண்டு கிலோ அளவுக்குக் குறைந்தது, ஆற்றல் கூடியதற்கு எந்த அறிகுறியும் இல்லை என்பதே பதில். இத்தகைய எஞ்சினில் காற்றின் அளவைத் தீர்மானிப்பவை கேம், வால்வு வாசல், கார்புரேட்டரின் துளை. சைலன்சர் இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. முதலில் அவருக்கு வண்டி வேகமாகப் போவதாகத் தோன்றியதில் பெரும்பங்கு சத்தத்தின் வேலை.

முதல் சூட்டுக்குப் பிறகு எஞ்சின் குளிர்ந்ததும் ஃபிளாஞ்ச் நட்டுகளும் கிளாம்பும் மறுபடி இறுக்கப்பட்டன. செப்பு வளையம் முதல் சூட்டில் அமுங்குவதால் நட்டுகள் சிறிது இடம் கொடுத்தன. நீண்ட இறக்கத்தில், எஞ்சின் இன்னும் சூடேறாத நேரத்தில், எப்போதாவது ஒன்றிரண்டு முறை அடிப்பதை அப்படியே விட்டுவிட முடிவாயிற்று. அதையும் அடக்க பைலட்டை மேலும் ரிச் ஆக்கினால் ஐடிலில் பிளக் கரி பிடிக்கும். ஜெட் எண்களும், பைலட் ஸ்க்ரூவின் சுற்றும், வாஷரின் தடிப்பும், சத்தத்தின் அளவும் எழுதிய அட்டை ஒன்று சீட்டுக்கு அடியில் வைக்கப்பட்டது. கண்ணாடிப் பஞ்சு நாளடைவில் எரிந்து உதிரும்போது முதலில் கூடுவது சத்தம்தான். அட்டையிலுள்ள அளவைவிட அது தெளிவாகக் கூடும்போது சைலன்சரைப் பிரித்துப் பஞ்சை மாற்ற வேண்டும், கார்புரேட்டரைத் திறக்க வேண்டியதில்லை என்றும் அதன் அடியில் குறிக்கப்பட்டது.